டூட்டி அக்கா போட்ட மார்க்

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஆம்புலன்ஸ் வண்டிகள் திரும்பும் இடத்தைத் தாண்டினால் சலவைக் கூடம். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு படுக்கை விரிப்பு, அதற்கேற்ற தலையணை உறை, அது போக ஆபரேஷன் தியேட்டரின் பச்சை அங்கிகள். இத்தனையையும் துவைத்து, பிழிந்து, உலர்த்தி, ரோலரில் விட்டுத் தேய்த்து, மடித்து மாடிக்கு அனுப்புகிறவர்கள் பதினாலு பேர். அவர்களில் யார் எந்த மெஷினில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எழுதிப் போடுகிறவள் டூட்டி அக்கா. வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது அடையாள அட்டையோடு சரி.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் அவள். நீளமாக எழுத வராது. ஒரு தாளில் கட்டம் போட்டு, பென்சிலால் ஒவ்வொருவர் பெயருக்கும் முதல் எழுத்தை மட்டும் போடுவாள். பக்கத்தில் புள்ளி வைப்பாள். ஒரு புள்ளி என்றால் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார், சூடான மெஷின் பக்கம் விடக்கூடாது. இரண்டு புள்ளி என்றால் முழங்கால் வலி. இதெல்லாம் யாரும் சொல்லித் தெரிந்துகொள்வது இல்லை. காலை ஆறு மணிக்குக் கதவோரம் நின்று, வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிடுகிற விதத்தைப் பார்ப்பாள். போதும். "உடம்புக்கு என்ன" என்று வாயைத் திறந்து கேட்கக் கூச்சம். ரப்பரால் அழிப்பாள், மாற்றி எழுதுவாள், தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வாள்.

இப்படி ஆறு வருஷம் ஓடியது. ஒரு நாள் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அடுத்த வாரத்துலேர்ந்து டூட்டி லிஸ்ட் கம்ப்யூட்டர்லதான். மேலேருந்து உத்தரவு. பென்சில், ரப்பர் எல்லாம் இனிமே கிடையாது."

"சரிங்க சார்."

"உங்களால முடியும்னா நீங்களே போடுங்க. ஒரு மாசம் பாப்போம். ஆளுங்ககிட்டேருந்து புகார் வந்தாலோ, தியேட்டருக்கு அங்கி லேட்டானாலோ, ஸ்டோர் கிளார்க்கிட்ட கொடுத்துடுவேன். நீங்க பழையபடி ரோலருக்குப் போகவேண்டியதுதான்."

ரோலர் என்றதும் அவளுடைய வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போயிற்று. ஐந்து வருஷம் அந்த மெஷின் முன்னால் நின்றவள். முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் சூடு பட்ட தோல் இன்னமும் பளபளவென்று இருக்கும். "சரிங்க சார்" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஸ்டோரில் கிளார்க் பத்து விரலாலும் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தான். மழை பெய்கிற மாதிரி இருந்தது அந்தச் சத்தம்.

வீட்டில் அப்போது கொழுந்தன் காலில் கட்டோடு கிடந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் மெக்கானிக் படிக்கட்டில் உருண்டு காலை உடைத்துக்கொண்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? தண்ணி லாரி ஓட்டுகிற அண்ணன்காரன் தினம் ஒரு தரமாவது கேட்பான்: "ஏன்டா, 'லிஃப்ட் வேலை செய்யவில்லை'ன்னு நீயே போர்டு மாட்டிட்டு நீயே படியில எறங்கினியா?" கொழுந்தன் டிவியைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். அதில் ஃபுட்பால் கேம். அவனும் அவனோடு வேலை செய்கிற ஏழு பேரும் ஆளுக்கொரு டீம் வைத்துக்கொண்டு, போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவனவன் வீட்டிலிருந்தபடியே ஆடுவார்கள். எட்டு டீமில் கொழுந்தனின் டீம் எட்டாவது. அதற்குக் கீழே இடம் இல்லாததால்தான் எட்டாவது.

டூட்டி அக்கா துணி மடித்தபடி அறை வாசலில் நின்று பார்ப்பாள். ஃபுட்பாலில் பந்து உருண்டையாக இருக்கும் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் காலடியில் ஒரு சின்னக் கோடு இருந்தது. ஆட்டம் தொடங்கும்போது பச்சை. ஓட ஓட மஞ்சள். அப்புறம் சிவப்பு. அவள் பந்தைப் பார்க்கவே இல்லை. கோட்டைத்தான் பார்த்தாள்.

"தம்பி, அந்த ஏழாம் நம்பர் ஆளு மூச்சு வாங்கறான்."

"பொம்மைக்கு ஏது அண்ணி மூச்சு?"

"கோடு செவந்துடுச்சு பாருங்க. அவனை உட்கார வெச்சுட்டு வேற ஆளை விடக்கூடாதா?"

"விடலாம். மூணு பேரை மாத்தலாம். அதுக்கு ஆட்டத்தை நிறுத்தணும், உள்ள போகணும், யாருக்கு பதிலா யாருன்னு தேடணும். தேடி முடிக்கறதுக்குள்ள நான் எந்தப் பக்கம் கோல் போடணும்கறதே மறந்துடும்."

"முன்னாடியே எழுதி வெச்சுக்க முடியாதா?"

முடியும். அதற்கென்று ஒரு பக்கமே இருந்தது. மூன்று வருஷமாக அவன் திறந்து பார்க்காத பக்கம். மைதானத்தில் பதினொரு பேர், பெஞ்சில் ஏழு பேர். ஒவ்வொருவனுக்கும் வேகம் இவ்வளவு, உதை இவ்வளவு, தாக்குப்பிடிக்கிற தெம்பு இவ்வளவு என்று நூற்றுக்கு மார்க். பக்கத்தில் 'மாற்று ஆள்' என்று ஒரு கட்டம். இவனுக்கு பதில் எவன், எத்தனையாவது நிமிஷத்தில், கோடு எவ்வளவு குறைந்தால், ஜெயித்துக்கொண்டிருந்தால் என்ன, தோற்றுக்கொண்டிருந்தால் என்ன. எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லி வைத்துவிடலாம். அதுவே பார்த்துக்கொள்ளும்.

டூட்டி அக்கா துணியைக் கட்டிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அந்த ஜாய்ஸ்டிக்கை இப்படிக் கொடுங்க" என்றாள்.

ஆட்டக்காரர்களின் பெயர்கள் வாயில் நுழையவில்லை. அவற்றையும் மாற்றலாம் என்று கொழுந்தன் சொன்னான். அவள் சொல்லச் சொல்ல அவன் ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். கோல்கீப்பர் 'செவுரு' ஆனான். பந்தைப் பார்த்தாலே பாய்கிறவன் 'அவசரக்குடுக்கை'. யாராவது உரசினாலே விழுந்து புரள்கிறவன் 'நோஞ்சான்'. நடுவில் ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்தவனுக்குத் தெம்பு தொண்ணூற்று நாலு. அவனுக்கு 'எருது' என்று பெயர் வைத்தாள். எருதுக்கு மட்டும் மாற்று ஆள் போடவில்லை. அவன்தான் களைக்கவே இல்லையே.

முதல் ஆட்டத்திலேயே கொழுந்தன் அலறினான். "அண்ணி! அவசரக்குடுக்கையை வெளிய எடுத்துடுச்சு! அவன்தான் எனக்குக் கோல் போடறவன்!"

"அறுபது நிமிஷம் ஓடியாச்சுல்ல. காத்தாட உட்காரட்டும்."

"பதிலுக்கு வந்திருக்கறவன் யாருன்னு பாத்தீங்களா? அவனை வாங்கினதுலேர்ந்து நான் இறக்கினதே இல்ல."

"பெஞ்சுலயே உட்கார வெச்சிருந்தா கை மரத்துப் போயிடும் தம்பி."

"கால், அண்ணி."

அந்தக் கால் மரத்துப்போனவன்தான் எண்பதாவது நிமிஷத்தில் கோல் போட்டான். எதிராளியின் ஆட்கள் அத்தனை பேரும் அப்போது சிவப்பில் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் காலில் கட்டு இருப்பதை மறந்து குதித்து, வலியில் கத்தி, கத்தியபடியே சிரித்தான். இரண்டு வாரத்தில் எட்டாவது டீம் மூன்றாவது டீம் ஆகிவிட்டது. "டேய், யார்டா உனக்கு ஆள் மாத்தறது?" என்று மற்ற மெக்கானிக்குகள் ஃபோனில் குடைந்தார்கள். "எங்க அண்ணி" என்றான். யாரும் நம்பவில்லை.

இதற்கு நடுவில்தான் அவள் ஆபீஸ் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். முதல் மூன்று நாள் அம்புக்குறி அவள் பேச்சைக் கேட்கவில்லை. இடது பக்கம் இழுத்தால் வலது பக்கம் ஓடியது. ஸ்டோர் கிளார்க் வந்து மவுஸைத் திருப்பி வைத்தான். "தலைகீழாப் பிடிச்சிருக்கீங்கக்கா" என்று சத்தம் போடாமல் சொல்லிவிட்டுப் போனான். நாலாம் நாள் திரையில் லிஸ்ட் திறந்தது. பெயர், பிரிவு, நேரம், மாற்று ஆள், குறிப்பு. இது எருதும் நோஞ்சானும் இருக்கிற பக்கம்தானே! மளமளவென்று நிரப்பினாள். ரோலரில் இருக்கிற நெட்டைக்கு எட்டரை மணிக்கு மாற்று ஆள் இவர். பாய்லர் அண்ணனுக்கு ஏழரைக்கு அவர். குறிப்பு என்ற கட்டத்தில் புள்ளி வைத்துப் பார்த்தாள், கம்ப்யூட்டர் புள்ளியை மதிக்கவில்லை. சரி, கேமில் இருக்கிற மாதிரியே போடுவோம் என்று ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு ஒரு எண் போட்டாள். தனக்கு அடையாளத்துக்கு. அவ்வளவுதான் நினைத்தாள்.

மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் வீட்டுக்குக் கிளம்பின பிறகு, லிஸ்ட்டைப் பெரிய தாளில், குறிப்புக் கட்டத்தையும் சேர்த்து அச்சடித்து, சுவரில் ஒட்ட வைத்துவிட்டார்.

மறுநாள் ஆறு மணிக்கு அவள் வந்தபோது சுவரைச் சுற்றிக் கூட்டம்.

"இது என்ன அம்பத்தெட்டு?" பாய்லர் அண்ணனின் குரல் கேட்டது. ஈர மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவர். மீசையே கால் கிலோ இருக்கும். "எனக்கு வயசு நாப்பத்தாறுதான்."

"வயசு இல்லண்ணே, மார்க்கு" என்றான் நெட்டை.

"மார்க்கா? நான் எப்படா பரிட்சை எழுதினேன்?"

"பாஸ் மார்க்குதான், விடுங்க."

"உனக்கு எவ்வளவு?"

"அறுபத்துமூணு."

"என்னைவிட அஞ்சு கூடவா! நேத்து அந்த மூட்டையைத் தூக்கினது நீயா, நானா? எங்க அந்தப் பொண்ணு? இன்னிக்கே மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுக்கறேன்."

டூட்டி அக்கா கதவோரமே நின்றுவிட்டாள். எழுதிக் கொடுத்தால் அது புகார். ஒரே ஒரு புகார் போதும், ரோலர்தான். கூட்டம் அவளைப் பார்த்துத் திரும்பியது. பதின்மூன்று முகம். இத்தனை வருஷத்தில் அவர்களிடம் ஒரே சமயத்தில் அவள் பேசியதே இல்லை.

"அது... எவ்வளவு நேரம் களைக்காம நிக்க முடியும்னு என் கணக்குக்குப் போட்டது. கொறைச்சலா இருந்தா சீக்கிரம் மாத்தி விடணும்ல, அதுக்கு."

பாய்லர் அண்ணன் சுவரில் இருந்த தாளை இன்னொரு தரம் பார்த்தார்.

"அப்ப அம்பத்தெட்டுக்கு எப்ப ரெஸ்ட்டு?" என்று கேட்டார் பாய்லர் அண்ணன்.

"ஒன்றரை மணி நேரத்துல."

"அறுபத்துமூணுக்கு?" இது நெட்டை.

"ரெண்டரை."

நெட்டை இடுப்பில் கை வைத்தான். "அக்கா, எனக்கு முதுகுத்தண்டுல ஒரு பிடிப்பு இருக்கே, அதைப்பத்தி உங்ககிட்ட சொன்னதே இல்லையோ?"

பேக்கிங்கில் இருக்கிற பெண் அவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "எனக்குப் போய் எழுபத்தொண்ணா? ரெண்டு படி ஏறினா கண்ணு இருட்டுதுக்கா. கலியாணத்துக்கு முந்தி வேணா எழுபத்தொண்ணா இருந்திருப்பேன்."

"எல்லாரும் தள்ளுங்க" என்றார் பாய்லர் அண்ணன். அவருடைய மீசை அதற்குள் தொங்கிப்போயிருந்தது. "அம்பத்தெட்டுக்கு நான் லாயக்கு இல்லம்மா. உனக்குத் தெரியாது. வெளியதான் ஆளு இப்படி, உள்ள ஒண்ணும் கிடையாது. நாப்பதுன்னு போடு."

கால் மணி நேரம் முன்னால் மார்க்கைக் கூட்டிக் கேட்டவர்கள் இப்போது குறைத்துக் கேட்டுப் பேரம் பேசினார்கள். ஒருவர் இருமிக் காட்டினார். மேனேஜர் வரும் சத்தம் கேட்டு எல்லோரும் அவரவர் மெஷினுக்கு ஓடினார்கள். யாரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

சண்டைக்கு வராதவர் ஒருவர்தான். மடிப்பு மேஜையில் நிற்கிற அம்மா. மடிப்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தைந்து வயதுக்குக் கை மெஷின் மாதிரி ஓடும். அவருக்குத் தொண்ணூற்றைந்து போட்டிருந்தாள். "மடிப்பம்மாதான் முதல் ரேங்க்!" என்று யாரோ கத்தியபோது லேசாகச் சிரித்துவிட்டு மேஜைக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு டீ டம்ளரோடு டூட்டி அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"தொண்ணூத்தஞ்சுக்கு எப்ப ரெஸ்ட்டும்மா?"

டூட்டி அக்கா லிஸ்ட்டைப் பார்த்தாள். மடிப்பம்மாவின் பெயருக்கு நேராக, மாற்று ஆள் கட்டம் காலி.

"உங்களுக்குத் தேவைப்படாதுன்னு..."

"யாரைக் கேட்ட?"

கோபமாகக்கூட இல்லை அந்தக் கேள்வி. டம்ளரை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். தினமும் செருப்பைப் பார்த்தவள், அந்த மணிக்கட்டை எப்போது கடைசியாகப் பார்த்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. இருக்கிறவர் எப்போதும் இருப்பார் என்று கண்ணும் தாண்டிப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் முதல் வேலையாக எருதுக்கு ஒரு மாற்று ஆள் போட்டாள்.

"அவன் களைக்கவே மாட்டானே அண்ணி" என்றான் கொழுந்தன்.

"கேட்டீங்களா?"

"பொம்மையை எப்படி அண்ணி கேக்கறது?"

எருது உட்கார்ந்தான், கொழுந்தன் ஒரு கோலில் தோற்றான், ராத்திரி சாப்பிடும் வரை அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை. காலையில் லிஸ்ட்டை எப்படித் திருத்துவது என்பதிலேயே மனசு இருந்தது.

ஆனால் காலையில் மடிப்பம்மா வரவில்லை. மணிக்கட்டு வீங்கிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது, ஒரு வாரம் ஆகும் என்று ஃபோன் வந்தது. ஒன்பது மணிக்கு இன்னொரு ஃபோன். தியேட்டரிலிருந்து. பதினோரு மணிக்குள் அறுபது அங்கி மாடிக்கு வந்தாக வேண்டும், அங்கே ஆவியில் கிருமி போக்கி எடுக்க, அவசர ஆபரேஷன்கள்.

அங்கியை மடிப்பது விரிப்பை மடிப்பது மாதிரி அல்ல. உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி மடிக்க வேண்டும். போட்டுக்கொள்கிற டாக்டரின் விரல் வெளிப்பக்கத்தில் படாமல் கை நுழைய வேண்டும், கயிறு ஓர் இழுப்பில் அவிழ வேண்டும். அது மடிப்பம்மாவுக்குத்தான் வரும். மேஜையில் அங்கிகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்தன. மேனேஜர் லிஸ்ட்டைக் கையில் பிடித்தபடி வந்தார், பின்னாலேயே ஸ்டோர் கிளார்க்.

"மடிப்புக்கு மாற்று ஆள் எங்க? கட்டம் காலியா இருக்கே?"

"என் தப்புதான் சார்" என்றாள் டூட்டி அக்கா. சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் மேஜைக்குப் போய் நின்றாள்.

பதினோரு வருஷம் அந்தக் கைகளைப் பார்த்திருக்கிறாள். ஒரு தரம்கூடச் செய்ததில்லை. முதல் அங்கி கோணலாக வந்தது, பிரித்தாள். இரண்டாவதும் பிரிந்தது. மூன்றாவதில், மடிப்பம்மா கழுத்துப் பட்டையை முதலில் முகவாயால் பிடித்துக்கொள்வது நினைவுக்கு வந்தது. பிடித்தாள். இரண்டு தோளும் தானாகப் புரண்டு உள்ளே போயின. அப்புறம் நிமிர்ந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"நெட்டை, நீ கயிறு மட்டும் பாரு! பேக்கிங் பொண்ணு இந்தப் பக்கம் வா! பாய்லர் அண்ணே, மாடிக்குத் தூக்கிட்டுப் போக ஆள் வேணும்!"

"நாப்பது மார்க்குக்காரனை மாடிப்படி ஏறச் சொல்றியா?" என்றார் அவர். சொல்லிக்கொண்டே மூட்டையைத் தோளில் போட்டுவிட்டார்.

ஸ்டோர் கிளார்க்கும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து எண்ணிக் கட்டினான். பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அறுபதாவது அங்கி மேலே போயிற்று. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார்.

"அங்கி லேட்டாகல. புகார் ஏதாவது உண்டா?"

"உண்டு சார்" என்றார் பாய்லர் அண்ணன், மூச்சு வாங்கியபடி. எல்லோரும் திடுக்கிட்டார்கள். "எனக்கு அம்பத்தெட்டு ஜாஸ்தி."

சிரிப்பு அடங்கின பிறகு, மார்க் எல்லாம் இனி வேண்டாம் என்று முடிவாயிற்று. எத்தனை மணிக்கு யார் உட்காருவது என்பதை மட்டும் போட்டால் போதும். அதுவும் அவரவரைக் கேட்டுவிட்டுப் போட வேண்டும். கேட்பதற்குத்தான் அவளுக்கு நாக்கு வராதே என்று நினைத்தார்கள். அன்று பகலிலேயே தாளோடு ஒவ்வொருவரிடமும் போய் நின்றாள். "எப்ப உட்காரணும்?" அவ்வளவுதான் கேள்வி. அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கேட்டுவிட்டாள்.

"இன்னொரு கட்டமும் காலியா இருக்கு" என்றான் கிளார்க். "டூட்டி போடறவங்களுக்கே மாற்று ஆள் இல்லையே. இவங்க லீவுல போனா?"

"நீதான்" என்றார் மேனேஜர்.

"ஐயோ சார், எனக்கு ஸ்டோரே தலைவலி. யாருக்கு முதுகு, யாருக்கு முழங்கால்னு எனக்கெப்படித் தெரியும்?"

"மடிப்பம்மாவைப் போடலாம் சார்" என்றாள் டூட்டி அக்கா.

"அவங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்சுதா?"

அன்று சாயங்காலம் கேமுக்கு உட்காராமல் மடிப்பம்மாவின் வீட்டுக்குப் போனாள். மன்னிப்பு என்று வாய் விட்டுச் சொல்ல வரவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு எங்கம்மா அதெல்லாம்? வலது கையை அசைக்கவே முடியல."

"அம்புக்குறிக்கு இடது கை போதும்மா. மவுஸைத் தலைகீழாப் பிடிக்காம இருந்தா சரி."

"தலைகீழாப் பிடிப்பாங்களா யாராவது?" என்று கேட்டார் மடிப்பம்மா. டூட்டி அக்கா எழுந்து செருப்பைத் தேடினாள்.

மாதம் முடிந்தது. மேனேஜர் அவளைக் கூப்பிடவே இல்லை, கூப்பிடாததுதான் பதில். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு, கொழுந்தனின் கட்டைப் பிரிக்கப் போய்வந்தாள். அன்று முழுவதும் ஃபோன் வரும் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அவளுக்கு அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

மறுநாள் சுவரில் மடிப்பம்மா போட்ட லிஸ்ட். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. கடைசி வரியில் அவளுடைய பெயரே இருந்தது, அடையாள அட்டையில் இருக்கிற பெயர். மடிப்பு மேஜை, ஒன்பது மணியிலிருந்து பத்தரை. மாற்று ஆள், பாய்லர் அண்ணன்.

ஒன்பது மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு மேஜைக்குப் போனாள். பத்தரை அடித்ததும் பாய்லர் அண்ணன் வந்து நின்றார். கழுத்துப் பட்டையை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் மீசைக்குக் கீழே ஓர் அங்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு, "தள்ளும்மா, என் முறை. போய் உட்காரு" என்றார்.